மாத்திரைக்கு எப்படித் தெரியும்?

பல் வலிக்கு ஒரு மாத்திரை போடுகிறோம், பல் வலி அடங்குகிறது. அடுத்த வாரம் முழங்கால் வலிக்கு அதே மாத்திரை, முழங்கால் வலி அடங்குகிறது. இரண்டு முறையும் மாத்திரை போனது வயிற்றுக்குத்தான். அங்கிருந்து பல்லுக்குப் போவதா முழங்காலுக்குப் போவதா என்று அதற்கு யார் சொன்னது? வீட்டில் பிள்ளைகள் கேட்டால் பெரியவர்கள் சமாளித்துவிடும் கேள்வி இது.

விடையில் பாதி சுலபமானது. மாத்திரைக்கு ஒன்றும் தெரியாது. அது ரத்தத்தில் கலந்து உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எல்லா இடத்துக்கும் போகிறது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உற்பத்தியாவதைத் தடுக்கின்றன. அடிபட்ட, வீங்கிய இடத்தில் அந்தப் பொருள் அதிகமாகச் சுரந்து, அங்குள்ள நரம்பு முனைகளை முறுக்கேற்றி வைத்திருக்கும். எங்கே சுரப்பு அதிகமோ அங்கே மருந்தின் பலனும் தெரிகிறது.

மீதிப் பாதிதான் இந்த அத்தியாயம். மார்ஃபின் என்று ஒரு மருந்து இருக்கிறது. பெரிய அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கும், புற்றுநோய் முற்றி வலியில் துடிப்பவர்களுக்கும் கொடுக்கப்படுவது. இது வீக்கத்தை வற்றச் செய்வதில்லை, காயத்தை ஆற்றுவதில்லை. ஆனாலும் வலி தணிகிறது. மருந்து ஏறிய பிறகு நோயாளிகள் சொல்வதைக் கேட்டால் புதிர் இன்னும் கூடும்: “வலி இருக்கத்தான் செய்யுது டாக்டர், ஆனா முன்ன மாதிரி படுத்தலை.” காயம் அப்படியே இருக்க, வலியை மட்டும் குறைக்கும் இடம் உடம்பில் எங்கே இருக்கிறது?

காயம் பெரிது, வலி சிறிது

ஹென்றி பீச்சர் அமெரிக்க மயக்க மருந்து மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் காயமடைந்த வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தவர். படுகாயமடைந்த 215 பேரைப் பற்றி 1946-ல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. எலும்பு நொறுங்கியவர்கள், மார்பிலும் வயிற்றிலும் குண்டு பாய்ந்தவர்கள் அதில் இருந்தார்கள். வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டதற்கு ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள்.

அதிர்ச்சியில் உடம்பு மரத்துப்போயிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியும் இல்லை. ரத்தக் குழாயில் ஊசியைக் கோணலாகக் குத்தினால் அதே ஆட்கள் நம்மைப் போலவே முகம் சுளித்தார்கள். நரம்புகள் சரியாக வேலை செய்தன. பெரிய காயத்திலிருந்து வந்த செய்தி மட்டும் வழியில் எங்கோ அமுக்கப்பட்டிருந்தது.

1965-ல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் ஆகிய இருவரும் அந்த ‘வழி’யைச் சுட்டிக்காட்டினார்கள். கை கால்களிலிருந்து வரும் வலிச் செய்தி தண்டுவடத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு தணிக்கை நடக்கிறது. வந்ததெல்லாம் அப்படியே மேலே போவதில்லை. மூளையிலிருந்து கீழே வரும் ஆணைகளும் இதில் தலையிடுகின்றன என்றார்கள். அப்படியானால் அந்த ஆணை மூளையின் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது?

மேலிருந்து இறங்கும் ஆணை

மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் பகுதி மூளைத்தண்டு. மூச்சு, நாடித் துடிப்பு, விழுங்குதல், விழிப்பு என நாம் நினைக்காமலே நடக்கும் காரியங்களின் தலைமையிடம் அது. அதன் மேல்பகுதி நடுமூளை, கீழ்ப்பகுதி முகுளம்.

நடுமூளையின் நடுவே மூளைத் திரவம் ஓடும் ஒரு மெல்லிய கால்வாய் உண்டு. அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் நரம்புச் செல்கள் மண்டிக் கிடக்கின்றன. இந்த இடத்தை நடுச்சாம்பல் என்று அழைப்போம். 1964-ல் சீன ஆய்வாளர்கள் ட்சோவும் ஜாங்கும் முயல்களின் மூளையில் வெவ்வேறு இடங்களில் மிகச் சிறிய அளவு மார்ஃபினைச் செலுத்திப் பார்த்தார்கள். இந்தப் பகுதியில் செலுத்தியபோது வலி தணிந்தது. ரத்தத்தில் ஏற்றியிருந்தால் பலனே தெரியாத அளவு அது.

1969-ல் டேவிட் ரெனால்ட்ஸ் மருந்தே இல்லாமல் இதைச் செய்து காட்டினார். எலியின் நடுச்சாம்பலில் மெல்லிய மின்கம்பியை இறக்கி லேசான மின்சாரம் பாய்ச்சினார். வேறு மயக்க மருந்து கொடுக்காமலே அந்த எலிகளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை செய்ய முடிந்தது.

நடுச்சாம்பலிலிருந்து தண்டுவடத்துக்கு நேர்வழி அதிகம் இல்லை. அதன் ஆணை பெரும்பாலும் முகுளத்தில், நடுக்கோட்டை ஒட்டி இருக்கும் ஒரு செல் கூட்டத்துக்குப் போய், அங்கிருந்து தண்டுவடத்துக்கு இறங்குகிறது. இதற்கு முகுளக் கொத்து என்று பெயர் வைத்துக்கொள்வோம். நடுச்சாம்பல், முகுளக் கொத்து, தண்டுவடம்: இந்த மூன்று படிகள் நினைவில் இருந்தால் போதும்.

எலியின் வால்

முகுளக் கொத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர்கள் சான்ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் ஃபீல்ட்ஸும் மேரி ஹைன்ரிக்கரும் அவர்களின் சகாக்களும். 1983-ல் தொடங்கி வரிசையாக வந்த அவர்களின் சோதனைகளில் ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்ப்போம்.

லேசான மயக்கத்தில் ஓர் எலி படுத்திருக்கிறது. அதன் முகுளக் கொத்தில் தலைமுடியைவிட மெல்லிய முனை கொண்ட மின்முனை ஒன்று இறக்கப்பட்டிருக்கிறது, ஒரே ஒரு நரம்புச் செல்லின் துடிப்பைக் கேட்கும் அளவுக்கு அருகே. செல் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் ஒலிபெருக்கியில் ‘டப்’ என்று சத்தம் வரும். வாலின் மீது விளக்கொளியைக் குவித்துச் சூடேற்றுகிறார்கள். சூடு ஒரு கட்டத்தைத் தாண்டியதும் எலி வாலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். இழுக்காவிட்டால் தோல் பொசுங்கும் முன்பே விளக்கை அணைத்துவிடுவார்கள். வால் இழுபட எத்தனை விநாடி ஆகிறது என்பதுதான் அளவுகோல்.

சில செல்கள் சும்மா கிடக்கின்றன. சூடு ஏற ஏற அவற்றில் மாற்றமில்லை. ஆனால் வால் அசைவதற்குச் சற்று முன், திடீரென்று ‘டப டப டப’ என்று பொரிந்து தள்ளுகின்றன. வேறு சில இதற்கு நேர்மாறு. நிதானமாகத் துடித்துக்கொண்டிருந்தவை, வால் அசைவதற்குச் சற்று முன் சட்டென்று அமைதியாகிவிடுகின்றன. மூன்றாவது வகைச் செல்கள் சூட்டையும் கண்டுகொள்வதில்லை, வாலையும் கண்டுகொள்வதில்லை. ஆய்வாளர்கள் முதல் வகையை ஆன் செல் என்றும், இரண்டாவதை ஆஃப் செல் என்றும் அழைத்தார்கள். வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தால் முதலாவது ஏற்றும் செல், இரண்டாவது தணிக்கும் செல். ஏற்றும் செல் துடித்தால் தண்டுவடத்தில் வலிச் செய்தி வலுவடைகிறது, தணிக்கும் செல் துடித்தால் அமுங்குகிறது.

எதுவும் செய்யாமல் விட்டாலும் இந்த இரண்டு வகையும் மாறி மாறித் துடித்துக்கொண்டிருந்தன. சிறிது நேரம் ஏற்றும் செல்களின் ஆட்சி, பிறகு தணிக்கும் செல்களின் ஆட்சி. தணிக்கும் செல்கள் துடிக்கும் வேளையில் சூடு வைத்தால் வால் தாமதமாக அசைந்தது. ஏற்றும் செல்கள் துடிக்கும் வேளையில் வைத்தால் சீக்கிரம் அசைந்தது. அதே எலி, அதே வால், அதே சூடு. மூளைத்தண்டின் நிலை மட்டுமே வேறு.

இப்போது மார்ஃபின் ஏற்றுகிறார்கள். ஏற்றும் செல் ஓய்ந்துபோகிறது. தணிக்கும் செல் இடைவிடாமல் துடிக்கிறது. சூடு வைத்தாலும் அது நிற்பதில்லை. வால் அசையவில்லை. மூன்றாவது வகைச் செல்களில் எந்த மாற்றமும் இல்லை.

அடக்கும் மருந்து எழுப்புவது எப்படி?

இங்கேதான் சிக்கல். மார்ஃபின் நரம்புச் செல்லை அடக்கும் மருந்து. செல்லின் மேற்பரப்பில் அதற்கென்று ஏற்பிகள், அதாவது குறிப்பிட்ட மூலக்கூறு வந்து பொருந்தும் புரதங்கள், இருக்கின்றன. மார்ஃபின் அதில் பொருந்தியதும் செல்லின் பொட்டாசியம் கதவுகள் திறக்கின்றன. பொட்டாசியம் வெளியேறிச் செல் துடிக்கும் திறனை இழக்கிறது. நரம்பு முனையில் கால்சியம் கதவுகள் மூடிக்கொள்வதால் அடுத்த செல்லுக்கு வேதித்தூதும் போவதில்லை. எப்படிப் பார்த்தாலும் இது வாயடைக்கும் வேலை. ஏற்றும் செல் ஓய்ந்ததற்குக் காரணம் புரிகிறது, அதன் மேல் இந்த ஏற்பி இருக்கிறது. அதே மருந்து தணிக்கும் செல்லை எப்படி எழுப்பியது?

தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். வடத்தைப் பிடித்து ஊரே இழுத்துக்கொண்டிருக்கும், சக்கரத்தின் முன்னால் முட்டுக்கட்டை போட்டிருந்தால் தேர் நகராது. தேரை நகர்த்தக் கூடுதலாக யாரும் இழுக்க வேண்டியதில்லை, கட்டையை உருவினால் போதும். தணிக்கும் செல்லுக்கு முட்டுக்கட்டை காபா என்ற வேதித்தூது. அதைச் சுரக்கும் நரம்பு முனைகள் தணிக்கும் செல்லை அழுத்தி வைத்திருக்கின்றன. மார்ஃபின் அடக்குவது தணிக்கும் செல்லை அல்ல, அதை அடக்கி வைத்திருக்கும் முனைகளை. அடக்குபவரை அடக்கியதும் அடங்கிக் கிடந்தவர் எழுந்துவிடுகிறார். நடுச்சாம்பலிலும் இதே சூட்சுமம்தான்.

இது வெறும் ஊகமில்லை என்று காட்ட இரண்டு சோதனைகள். காபாவின் வேலையைத் தடுக்கும் பைகுகுலின் என்ற பொருளை முகுளக் கொத்தில் நேராகச் செலுத்தினார்கள். மார்ஃபின் துளியும் இல்லை. தணிக்கும் செல்கள் துடிக்கத் தொடங்கின, வால் அசைவு அடங்கியது. கட்டையை எந்தக் கையால் உருவினாலும் தேர் ஓடும் என்று தெரிந்தது.

இரண்டாவது சோதனை இன்னும் நுட்பமானது. நரம்புச் செல்களைத் தூண்டும் குளுட்டமேட் என்ற தூதைத் தடுக்கும் பொருளை முகுளக் கொத்தில் போட்டுவிட்டு, பிறகு ரத்தத்தில் மார்ஃபின் ஏற்றினார்கள். ஏற்றும் செல்கள் வழக்கம்போல ஓய்ந்தன. தணிக்கும் செல்கள் மட்டும் எழவில்லை. வலித் தணிப்பு வெகுவாகக் குறைந்துபோனது. கட்டை விலகியும் வடம் இழுக்க ஆளில்லாத நிலை அது. மார்ஃபின் கொடுக்கும் நிவாரணத்துக்கு ஏற்றும் செல் வாய் மூடினால் மட்டும் போதாது, தணிக்கும் செல் எழுந்தே ஆக வேண்டும் என்பது இதிலிருந்து கிடைத்த பாடம்.

மார்ஃபின் வேலை செய்யும் ஒரே இடம் மூளைத்தண்டு என்று எண்ணிவிட வேண்டாம். தண்டுவடத்திலும் அதன் ஏற்பிகள் உண்டு. முதுகில் ஊசி வழியாக மார்ஃபின் செலுத்தும் முறை அதனால்தான் பலிக்கிறது. மூளையின் மேல்பகுதிகளில் உள்ள ஏற்பிகள் வலியின் கொடுமையைக் குறைக்கின்றன. “இருக்கு, ஆனா படுத்தலை” என்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

உடம்பு வைத்திருக்கும் சொந்த மருந்து

கசகசாச் செடியின் பாலிலிருந்து வரும் மார்ஃபினுக்கு நம் மூளையில் எதற்கு ஏற்பி? 1973-ல் இந்த ஏற்பிகள் இருப்பது உறுதியானபோது எழுந்த கேள்வி இது. 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் விடை கண்டார்கள். மூளையே மார்ஃபினைப் போல வேலை செய்யும் பொருளைத் தயாரிக்கிறது. என்கெஃபலின் என்று அதற்குப் பெயரிட்டார்கள். பிறகு எண்டார்ஃபின் முதலியவையும் தெரியவந்தன. நடுச்சாம்பலிலும் முகுளக் கொத்திலும் இவை இருக்கின்றன.

1978-ல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு, மருந்தே இல்லாத ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். மருந்து என்று நம்பியதாலேயே சிலருக்கு வலி குறைந்தது. பின்னர் நலோக்சோன் கொடுத்தார்கள். மார்ஃபினை ஏற்பியிலிருந்து தள்ளிவிட்டு அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும் மருந்து அது. நம்பிக்கையால் குறைந்த வலி திரும்பக் கூடியது. நம்பிக்கை வெறும் மனப்பிரமையாக இருந்திருந்தால் நலோக்சோனுக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. டாக்டர் கை வைத்ததுமே பாதி வலி போய்விட்டது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

அதே செல்கள், எதிர்த்திசை

தணிக்க ஒரு வகைச் செல் இருந்தால் போதாதா, ஏற்றுவதற்கு எதற்கு இன்னொன்று? காய்ச்சல் நாளில் உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலிப்பதில் இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. காய்ச்சலின்போது மூளையின் ஹைபோதாலமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் சுரக்கிறது. எலிகளில் அந்த இடத்தில் இதைச் செலுத்தியபோது, முகுளக் கொத்தில் ஏற்றும் செல்கள் துடித்தன, தணிக்கும் செல்கள் அடங்கின, வால் சீக்கிரம் அசைந்தது. நோயுற்ற உடம்பு அலையாமல் படுத்துக் கிடப்பது நல்லது. வலியை ஏற்றுவது அதற்கு ஒரு வழி.

மார்ஃபினைத் திடீரென்று நிறுத்தும்போதும் இதே ஏற்றம் நடக்கிறது. மார்ஃபின் ஏற்றிய எலிகளுக்கு நலோக்சோன் கொடுத்ததும் ஏற்றும் செல்கள் முன்பைவிட ஆவேசமாகத் துடித்தன. எலிக்குச் சூடும் முன்பைவிட உறைத்தது. பல் டாக்டர் ஈறில் போடும் லிடோகெய்ன் மருந்தை முகுளக் கொத்தில் செலுத்தி அதை மரக்கச் செய்தபோது அந்தக் கூடுதல் உறைப்பு நின்றுபோனது. பல நாள் இந்த வகை மருந்து எடுத்தவர்கள் சட்டென்று நிறுத்தினால் ‘வலி முன்பைவிட மோசம்’ என்று அலறுவதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கிறது. அளவைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்வது அதனால்தான்.

சர்க்கரை நோய்க்கு மனச்சோர்வு மாத்திரையா?

சர்க்கரை நோயால் பாதம் எரிகிறது என்று போனவருக்கு டாக்டர் டுலாக்செடின் அல்லது அமிட்ரிப்டிலின் எழுதித் தருகிறார். வீட்டுக்கு வந்து விசாரித்தால் ‘இது மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை’ என்கிறார்கள். எனக்கு மனசில் ஒன்றுமில்லையே என்று அவருக்குக் கோபம்.

மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பாதை ஒன்று மட்டுமல்ல. மூளைத்தண்டில் நீலப்புள்ளி என்று ஒரு சிறிய இடம் உண்டு. அங்கிருந்தும் அதை அடுத்த செல்களிலிருந்தும் இறங்கும் நரம்புகள் தண்டுவடத்தில் நார்அட்ரினலினைச் சொரிந்து வலிச் செய்தியை அமுக்குகின்றன. சுரந்த நார்அட்ரினலினை நரம்பு முனைகள் உடனுக்குடன் திரும்ப உறிஞ்சிவிடும். இந்த மாத்திரைகள் அந்த உறிஞ்சலைத் தடுக்கின்றன. தணிக்கும் தூது அதிக நேரம் தங்கி வேலை செய்கிறது. மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் பாத எரிச்சல் குறைவது இதனால்தான். அமிட்ரிப்டிலினைப் பொறுத்தவரை மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவே பெரும்பாலும் போதுமாக இருக்கிறது.

பக்கத்திலேயே மூச்சு

மார்ஃபினின் பெரிய ஆபத்தும் மூளைத்தண்டில்தான் இருக்கிறது. மூச்சின் தாளத்தை உண்டாக்கும் செல்கள் அதே முகுளத்தில் இருக்கின்றன, அவற்றின் மேலும் அதே ஏற்பி. அளவு மீறினால் அவையும் ஓய்ந்து மூச்சு நின்றுவிடும். நலோக்சோனை உடனே கொடுத்தால் ஏற்பிகள் விடுபட்டு மூச்சு திரும்பும், அடக்கப்பட்டிருந்த வலியும் கூடவே திரும்பும். வலியை மட்டும் தணித்து மூச்சைத் தொடாத மருந்தைத் தேடும் ஆய்வுகள் இதனால்தான் இத்தனை ஆண்டுகளாக நடக்கின்றன.

மார்ஃபினைப் பற்றிய பயம் இந்தியாவில் வேறொரு திசையில் வேலை செய்தது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச மாநிலங்களில் அரசு உரிமத்தோடு அபினுக்காக, அதாவது மார்ஃபின் எடுக்கும் அந்தப் பாலுக்காக, கசகசாச் செடி பயிரிடப்படுகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசின் அபின் ஆலைகள் இருக்கின்றன. ஆனால் 1985-ன் போதைப்பொருள் சட்டம் விதித்த கெடுபிடிகளால் மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கி வைக்கவே தயங்கின. விளைந்த நாட்டிலேயே புற்றுநோயாளிகள் அது கிடைக்காமல் துடித்தார்கள். 2014-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு வழி ஓரளவு சீரானது. முறையான கண்காணிப்பில், அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்தால் மூச்சுக்கு ஆபத்து வருவது அரிது என்பதை வலி நிவாரண மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள்.

காயம் ஆறிய பிறகும் வலி இருந்தால்

கடைசியாக ஒரு சோதனை. அமெரிக்க ஆய்வாளர் ஃபிராங்க் பொரெக்காவின் குழு, முகுளக் கொத்தில் மார்ஃபின் ஏற்பி உள்ள செல்களை மட்டும் அழித்தது. பெரும்பாலும் ஏற்றும் செல்கள் என்று கருதப்படுபவை அவை. பிறகு எலியின் காலுக்குச் செல்லும் நரம்புகளைச் சேதப்படுத்தினார்கள். வலி வழக்கம்போலத் தொடங்கியது. ஆனால் மற்ற எலிகளில் வாரக்கணக்கில் நீடித்த அந்த வலி, இவற்றில் சில நாட்களில் மறைந்தது. வலியைத் தொடங்கி வைத்தது காலின் நரம்பு. அதை அணையவிடாமல் காத்தது மூளைத்தண்டு.

ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, ஆனாலும் மாதக்கணக்கில் வலிக்கிறது என்பவர்களை நடிப்பு என்று சொல்லி அனுப்பிவிடுவது நம்மிடையே சகஜம், குறிப்பாக அவர்கள் பெண்களாக இருந்தால். காயத்தின் அளவைப் பார்த்து வலியின் அளவைச் சொல்ல முடியாது என்பதை அன்சியோ வீரர்கள் ஒரு பக்கம் காட்டினார்கள். பொரெக்காவின் எலிகள் மறுபக்கம் காட்டின. அப்படிப்பட்டவர் டாக்டரிடம் கேட்க வேண்டியது இன்னொரு ஸ்கேன் எடுக்கலாமா என்று மட்டுமல்ல. வலியை ஏற்றுவதையும் தணிப்பதையும் கையாளும் மருந்தும் உடற்பயிற்சியும் தூக்கமும் எனக்கு எந்த அளவில் சரிப்படும் என்று அவர் கேட்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு வெளியே தெரியும் காயம் ஒன்று தேவையில்லை.